ஒரு புள்ளியை விட்டுவைக்கலாம்

"எங்கப்பன்தான் இருக்கணும். நான் சொல்லிட்டேன், அவ்ளோதான்."

"ஏன், ஒங்கப்பன் என்னா பெரிய கலெக்டரா? குடிச்சிட்டு ஏரியில வுழுந்து செத்த ஆளு. எங்கக்கா தலைப்பிரசவத்துல போனவ. அவதான் இருக்கணும்."

"செத்த மனுசனப் பத்தி வாயத் தொறந்த, மரியாத கெட்டுடும் பாத்துக்க."

"இருந்தாத்தான கெடறதுக்கு? யோவ் மாமா, போன வருசம் ஒங்கப்பனுக்குத் தெவசம் குடுத்தியா நீ? இப்ப வந்துட்டாரு, பாசம் பொத்துகினு ஊத்துது!"

மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால் பைப்பில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அவர்களே பேசி முடிவு செய்யட்டும் என்றுதான் விலகி வந்தேன். சத்தம் கேட்டதும் ஈர முகத்தோடு அப்படியே நின்றுவிட்டேன்.

சண்டை போட்டவர் அஞ்சாபுலி. அறுபதைத் தொட்டவர், கீழ்நெடுந்தாங்கல் காலனிக்காரர். எதிரே நின்றது அமிர்தவள்ளி. அஞ்சாபுலி தனக்கு மாமன் முறை என்பதால் அவர் என்ன வேண்டுமானாலும் பேசுவார். அவர்கள் சண்டை போட்டது வரப்புக்காக இல்லை, வாய்க்கால் தண்ணீருக்காகவும் இல்லை. செயற்கைக்கோள் குறித்துவைத்த புள்ளிகளில் ஒன்றே ஒன்றை மட்டும் அழிக்காமல் விட்டுவைக்கலாம் என்று நான் சொல்லியிருந்தேன். செத்தவர்களில் யாருடைய புள்ளி அது என்பதுதான் சண்டை.

முதலில் இருந்து சொல்கிறேன்.

அறுவடைக்குப் பிறகு வயலில் வைக்கோலும் கரும்புச் சோகையும் கொளுத்துவதைத் தடுக்க வான்காவல் என்று ஒரு திட்டம் வந்தது. மேலே சுற்றுகிற செயற்கைக்கோள் வயல்களைக் கட்டம் கட்டமாகப் பார்க்கும். எங்கே சூடு தெரிகிறதோ அங்கே புள்ளி வைக்கும். புள்ளி சேர்ந்தால் கட்டம் சிவப்பாகும். சிவப்பான கட்டத்தில் பம்புசெட்டுக்குக் கரண்ட் தானாக நின்றுவிடும். கொள்முதல் நிலையத்தில் அந்தக் கட்டத்து நெல்லை எடுக்க மாட்டார்கள். யாரிடமும் போய்க் கெஞ்ச முடியாது. கெஞ்சுவதற்கு அங்கே ஆள் இல்லை, எல்லாம் தானாக நடக்கும்.

இந்த வருடம் அதில் ஒன்று புதிதாகச் சேர்த்தார்கள். பழைய செயற்கைக்கோள்கள் பல வருடங்களாக எடுத்துவைத்த படங்களையும் படிக்கவைத்தார்கள். எந்தக் கட்டத்தில் காலம் காலமாக எரித்திருக்கிறார்கள் என்று பார்த்து, அதற்கும் சேர்த்துத் தண்டனை.

என் வேலை, சிவப்பு விழுந்த இடத்துக்கு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போய் உண்மையா என்று பார்த்து அனுப்புவது. அனுப்பாவிட்டால் சாயங்காலம் கரண்ட் போய்விடும். மாவட்டத்திலேயே மோசமான பழைய கணக்கு கீழ்நெடுந்தாங்கல் ஏரிக்கரை ஓரத்துக் கட்டத்துக்குத்தான் வந்திருந்தது. காலனிக்காரர்களின் நிலம் மொத்தமும் அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

நான் போனது மார்கழியில். நெல் பால் பிடித்துக்கொண்டிருந்தது. ஏரி அந்த வருடம் பாதிதான் நிறைந்திருந்தது. மோட்டார் தண்ணீர் நின்றால் அத்தனை பேருக்கும் பதர்தான் மிஞ்சும்.

அஞ்சாபுலிதான் முதலில் எதிரே வந்தார்.

"வைக்கோலக் கொளுத்தறதா? மாட்டுக்கே பத்தாம வெளியூர்ல வாங்கிகினு இருக்கறோம் சார். வேணும்னா வந்து பாருங்க, வூட்டுக்கு வூடு போரு போட்டு வெச்சிருக்குது."

"எப்பவுமே கொளுத்தினது இல்லையா?"

கொஞ்சம் தயங்கினார். "ஒரே ஒரு தடவ. மொதமொதல்ல மெஷின் வெச்சி அறுக்கச்சொல்ல, வைக்கோலு தூள்தூளாப் போச்சி. மாடு மோந்துகூட பாக்கல. அப்ப நான்தான் கொளுத்தனேன். அது நெசம், மறைக்கல. அதுக்கப்புறம் சத்தியமா கெடையாது."

"இங்க நிறைய காட்டுதே. எல்லாம் இந்த மூலையிலதான்."

டேப்பைக் காட்டினேன். திரையில் விரலை வைத்துத் தள்ளினால் வருடங்கள் பின்னால் போகும். வருடத்துக்கு ஒன்று, சில வருடம் இரண்டு, அந்த வயல் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி வந்து வந்து மறையும். அஞ்சாபுலி தேதிகளைத் தமிழ் மாதமாக வாய்க்குள் மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இது பொரட்டாசி. பயிரு பச்சையா நிக்கிற மாசம். இந்த மாசத்துல எவன் சார் வைக்கோல் கொளுத்து..."

அப்படியே நின்றுவிட்டார். டேப்பை என் கையிலிருந்து வாங்கினார். வருடத்தை இன்னொரு தடவை கேட்டார்.

"எங்கப்பன் சார் இது."

எனக்குப் புரியவில்லை. அவர் அந்த மூலையைக் கை காட்டினார்.

"சுடுகாடு ஊர்த்தெருவுக்கு அந்தாண்ட இருக்குது. எங்க பொணத்த அந்தத் தெரு வழியா வுட மாட்டாங்க. பொதைக்கலாம்னா, ஏரி நெறஞ்சா இங்க ஊத்து மேல வந்துடும், பொதைச்சது நிக்காது. அதனால எங்க பாட்டன் காலத்துலேருந்து இந்த மூலையிலதான் எரிப்போம். காரியம் முடிஞ்சதும் ஏர் ஓட்டிட்டு மறுபடி நட்டுடுவோம்."

செய்தி காலனிக்குப் போய்விட்டது. ஆண்களும் பெண்களும் வரப்பு மேல் வரிசையாக வந்தார்கள். டேப் கைமாறிக் கைமாறிப் போனது. "இது எங்க சின்ன மாமியா." "மார்கழி, பொங்கலுக்கு முந்தின வாரம். எங்கக்காதான்." "அட, பெரியபையன் சித்தப்பாவா? உயிரோட இருந்தப்ப ஒரு போட்டோவுக்கும் நிக்க மாட்டாரே! மேலேருந்து எடுத்துட்டான் பாரு." சிரித்தவர் அந்தச் சிரிப்பு முடிவதற்குள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஒரு பெண் திரையில் இருந்த புள்ளியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது தொட்டதும் பெரிதாகிவிட்டது. பயந்துபோய்க் கையை எடுத்தார்.

நான் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன். எங்கள் மாவட்டத்தைப் பார்ப்பவர் ஷர்மிளா மேடம்.

"மேடம், இது வைக்கோல் இல்ல. சுடுகாட்டுக்குப் பாதை இல்லாம வயல்லயே எரிச்சிருக்காங்க."

"சார், அதை மட்டும் அப்படியே எழுதிடாதீங்க."

"ஏன் மேடம்? உண்மைதானே?"

"எழுதினா சிஸ்டம் அந்தக் கட்டத்தை மயானம்னு மாத்திடும். மயானத்துக்கு எதுக்குப் பம்புசெட் கரண்ட்னு கேட்கும். அந்த நெல்லையும் யாரும் எடுக்க மாட்டாங்க. இப்பவாவது ஒரு வருஷத் தண்டனை. அது ஆயிட்டா நிரந்தரம்."

"அப்ப என்னதான் பண்றது?"

"பொய்த் தீன்னு போட்டுடுங்க. காரணம் கேட்கும். தகரக் கூரையில வெயில் பட்டதுன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதை அமுக்குங்க. புள்ளி அழிஞ்சிடும்."

"பின்னால வேணும்னா எடுக்க முடியுமா?"

"முடியாது சார். பழைய படத்தையெல்லாம் படிச்சு முடிச்சதும் தூக்கிட்டாங்க, வச்சுக்க இடமில்லையாம். புள்ளி மட்டும்தான் மிச்சம். அழிச்சா அழிச்சதுதான்."

"எல்லாத்தையுமா அழிக்கணும்?"

"ஒண்ணு இருக்கலாம். ஒண்ணுன்னா மஞ்சள், எச்சரிக்கையோட விட்டுடும். ரெண்டு இருந்தா சிவப்பு."

ஷர்மிளா மேடம் நல்லவர். அவர் கையில் இருந்தது ஒரு பொய்தான், அதைக் கொடுத்தார்.

இதையெல்லாம் நான் அவர்களிடம் சொன்னதும் அமிர்தவள்ளிக்குத்தான் முதலில் கோபம் வந்தது.

"பாத கேட்டு எத்தினி தடவ மனு குடுத்தோம்! ஒவ்வொரு தடவையும் என்னா கேட்டாங்க? 'வயல்ல எரிக்கிறீங்கன்னா அதுக்கு என்னா சாட்சி? காட்டு'ன்னாங்க. ஏர் ஓட்டின வயல்ல என்னாத்தக் காட்டறது? இப்ப சாட்சி வந்திருக்குது. ஆகாசத்துலேருந்தே வந்திருக்குது. அத்த அழின்னு நீயே சொல்றியே சார்?"

அஞ்சாபுலிதான் பதில் சொன்னார். "சாட்சிய வெச்சிகினு பாத வர வரைக்கும் புள்ளைங்க என்னாத்தத் துன்னும்? நெல்லப் பாரு. இன்னும் ரெண்டு தண்ணி கட்டலன்னா மொத்தமும் போச்சி."

அமிர்தவள்ளி நெல்லைப் பார்த்தார்.

அழிப்பது என்று முடிவானது. அந்த நேரத்தில்தான் நான், ஒன்றை விட்டுவைக்கலாம் என்ற விஷயத்தைச் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அது சண்டையாகத்தான் ஆனது. கல்லோ மேடோ எதுவும் இல்லாமல், சாம்பலையும் ஏரியில் கரைத்துவிட்டு அதே இடத்தில் நாற்று நட்டவர்கள் அவர்கள். செத்தவர்களுக்கு இந்த உலகத்தில் ஓர் அடையாளம் இருக்கிறது என்பதே அன்று காலையில்தான் தெரிந்தது. மத்தியானத்துக்குள் அது போகப் போகிறது. ஒருத்தருக்கு மட்டும் தங்கும் என்றால் யார்தான் விடுவார்கள்?

நான் முகம் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தபோது அமிர்தவள்ளி, "எங்கக்கா வயித்துல புள்ளையோட எரிஞ்சா. அவளது ஒரு புள்ளி இல்ல, ரெண்டு. கணக்குப் போட்டுப் பாரு!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"சார்."

மெல்லிய குரல். மோட்டார் கொட்டாய்ச் சுவரோரம் ஒரு பெண் நின்றிருந்தார். நான் முகம் கழுவப் போனபோது மேடையில் வைத்த டேப் இப்போது அவர் கையில். அஞ்சாபுலிக்குத் தங்கை முறை, பூங்காவனம் என்ற பெயர் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. காலையிலிருந்து எல்லோரும் பேர் சொல்லிப் பேர் சொல்லி அழுதபோது அவர் வாயே திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார், இது சரியா ஓடலபோல இருக்குது. அந்த வருசத்துக் கார்த்திக வர மாட்டேங்குது. நானும் தள்ளித் தள்ளிப் பாக்கறேன்."

சண்டை நின்றுவிட்டது.

எந்த வருடம் என்று கேட்டு, டேப்பை வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்ன வருடம் இருந்தது. கார்த்திகையில் ஒன்றும் இல்லை. முன்னும் பின்னும் தள்ளினேன். அந்த மாதம் முழுக்கத் திரையில் சாம்பல் நிறம்தான்.

"அன்னிக்கு மழைங்களாம்மா?"

"அப்பா! என்னா மழை சார்."

"மேகம் மூடியிருந்தா கீழ நடக்கறது அதுக்குத் தெரியாதும்மா. அதான் இல்ல."

அவர் தலையை ஆட்டினார். புரிந்த மாதிரி இருந்தது. ஆனால் விடவில்லை. "அவ்ளோ ஒசரத்துல போயி நிக்குது. மேகத்தக் கொஞ்சம் வெலக்கிப் பாக்க முடியாதா சார்? வேற எதுனா ஒண்ணு, பக்கத்துல போனது, பாத்திருக்காதா?"

"இல்லம்மா."

அவருடைய மகள் மோனிஷா. பிளஸ் டூ முடித்து நர்சிங் சேர்ந்த வருடம், காய்ச்சலில் மூன்றாம் நாளே போய்விட்டாள். அடைமழை. அமிர்தவள்ளிதான் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "வெறகெல்லாம் ஈரம் சார். எரியவே மாட்டேன்னுச்சி. நாலு மூலையிலயும் ஆளு நின்னு தார்ப்பாயத் தூக்கிப் புடிச்சிகினு இருந்தோம். மேல மழை, கீழ நெருப்பு. தார்ப்பாயே உருகி ஊத்துது. இவரு கையப் பாருங்க."

அஞ்சாபுலி வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அதற்குள் பார்த்துவிட்டேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் சுருங்கி, மெழுகு வழிந்தது போல இருந்தது.

"அப்ப எம்பொண்ணுக்கு ஒண்ணியும் இல்ல," என்றார் பூங்காவனம். யாரிடமும் கேட்கவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "மேலயும் மறைச்சி, கீழயும் மறைச்சி, அப்பிடியே போய்ட்டா."

மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

அஞ்சாபுலி என்னிடம் வந்து டேப்பைப் பிடுங்காத குறையாக வாங்கினார். விரலால் தள்ளினார். பின்னால் போனார், முன்னால் வந்தார். அதே வருடத்தில் ஒரு புள்ளியில் நிறுத்தினார்.

"ஏய் பூங்காவனம்! இதோ இருக்குதே! ஒனக்குத் தேடத் தெரியல. இதான் மோனிஷா."

நான் எட்டிப் பார்த்தேன். அது மாசி மாதப் புள்ளி, கார்த்திகைக்கு எவ்வளவோ முன்னால். அறுவடை முடிந்த மாதம். அவர் காலையில் மறைக்காமல் சொன்னாரே, மெஷின் வைத்து அறுத்த முதல் வருடம், அந்த வைக்கோல் தீ. அந்தக் கட்டத்தில் இருந்த புள்ளிகளிலேயே உண்மையான குற்றம் அது ஒன்றுதான்.

அஞ்சாபுலி என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அமிர்தவள்ளியும் தேதியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். பூங்காவனத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா, இதான். எனக்கு நெனப்பு இருக்குது," என்றார். பின்னாலிருந்து இன்னொரு குரலும் ஆமாம் என்றது. அப்புறம் எல்லோருமே ஆமாம் என்றார்கள்.

"இது இருக்கட்டும் சார்," என்றார் அஞ்சாபுலி. "எங்கப்பன எடுத்துடு."

"எங்கக்காவையும்," என்றார் அமிர்தவள்ளி.

ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொரு தடவையும் திரை காரணம் கேட்டது. ஒவ்வொரு தடவையும் தகரக் கூரை என்று அமுக்கினேன். அமுக்குவதற்கு முன்னால் யார் என்று கேட்டேன், அவர்கள் பேரைச் சொன்னார்கள். அஞ்சாபுலியின் அப்பா முறை வந்தபோது காரணத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

"கூரை வூட்லயே பொறந்து கூரை வூட்லயே காலத்தத் தள்ளனாரு சார். இப்பத்தான் மனுசனுக்குத் தகரக் கூரை கெடச்சிருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அமுக்கினேன். புள்ளி போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் அந்தத் திரையின் பக்கமே திரும்பவில்லை, வயலுக்குள் இறங்கித் தண்ணீர் திருப்பப் போய்விட்டார்.

கட்டம் மஞ்சளானது. கரண்ட் நிற்காது என்று செய்தி வந்தது. அமிர்தவள்ளி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன்.

வண்டியை எடுக்கும்போது பூங்காவனம் பின்னாலேயே வந்தார். மற்றவர்கள் தூரத்தில் இருந்தார்கள்.

"சார், அது மாசிதான?"

நான் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியும் சார். எம்பொண்ணு செத்த மாசம் எனக்குத் தெரியாதா? அது அண்ணன் வைக்கோலு கொளுத்தனது. அவங்க எல்லாரும் தெரிஞ்சேதான் சொன்னாங்க. பாவம்." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு மோனிஷா இங்கதான் சார் இருந்தா. பள்ளிக்கூடம் லீவு. சோறு எடுத்துகினு வந்தா. பொகை அடிக்குதுன்னு துப்பட்டாவ மூஞ்சில சுத்திகினு, அதோ, அந்த வரப்புல நின்னுகினு அவங்க மாமனத் திட்றா. 'யோவ் மாமா, ஒன்னால ஆகாசமே இருமுதுய்யா'ன்றா. நாங்க எல்லாம் சிரிச்சோம்."

வரப்பிலிருந்து கண்ணை எடுத்து என் பக்கம் திரும்பினார்.

"அவங்களுக்கெல்லாம் செத்த நாளு இருந்துச்சி அதுல. எனக்கு அவ உயிரோட நின்ன நாளு கெடச்சிருக்குது. அது இருக்கட்டும் சார். யாரு கேட்டாலும் அழிச்சிடாதீங்க."

சரி என்றேன்.

இப்போது என் டேப்பில் இன்னும் பல கட்டங்கள் சிவப்பாக வந்திருக்கின்றன. மாதத்தைப் பார்த்தாலே எனக்கு இப்போது தெரிந்துவிடுகிறது. பயிர் பச்சையாக நிற்கிற மாதத்தில், வயலின் ஒரே மூலையில், திரும்பத் திரும்ப ஒரு புள்ளி. போய்த் தகரக் கூரை என்று அமுக்கிவிட்டு வருவேன். நெல்லைக் காப்பாற்ற வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அமுக்குவதற்கு முன்னால் பேரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் நான் போனாலும் கண்டுபிடிக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். அதனால் இதைப் படிக்கிற உங்களிடம் கேட்கிறேன். உங்கள் தெருவிலும் பாதை விடாததால் செத்தவர்களை வயலிலேயே வைத்து எரித்திருந்தால், அன்று மழையாகவோ மேகமாகவோ இருந்திருந்தால், ஊர் பேரையும் அவர்கள் பேரையும் இந்தப் பதிவுக்குக் கீழே பதிலில் எழுதுங்கள். செத்த தேதி தெரியாவிட்டால் பரவாயில்லை. அவர்கள் அந்த வயலில் உயிரோடு நின்ற ஒரு நாள் உங்களுக்கு ஞாபகம் இருந்தால், அதை எழுதுங்கள்.